600 எம்எம் லென்ஸும் நடுவுல இருக்கிற காத்தும்

மார்கழி, தை மாசத்துல துரைப்பாக்கம் ரேடியல் ரோட்ல காலையில போனவங்க பார்த்திருப்பீங்க. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டி பைக்கை நிறுத்திட்டு, பீரங்கி மாதிரி லென்ஸைத் தூக்கிக்கிட்டு நாலு பேர் நிப்பாங்க. அந்தச் சீசன் வந்தாலே நம்ம போட்டோகிராபி கிளப் வாட்ஸ்அப் குரூப்ல ஜூனியர்ஸ்கிட்ட இருந்து ஒரே கேள்விதான் வரும்: "அண்ணா, 150-600 லென்ஸ் வாடகைக்கு எடுக்கலாம்னு இருக்கேன், ஃபிளமிங்கோ க்ளோஸ்-அப் கிடைக்குமா?"

லென்ஸ் பெருசா இருந்தா தூரத்துல இருக்கிற பறவை பக்கத்துல வந்துடும்ங்கிறது பாதிதான் உண்மை. மீதிப் பாதிதான் ஆளாளுக்கு காசு செலவழிச்சு கத்துக்கிற விஷயம். அதை கொஞ்சம் பிசிக்ஸோட சொல்லிப் பார்க்கிறேன்.

முதல்ல, சென்னைல ஏதுடா குளிர்காலம்னு சிரிக்க வேண்டாம். நமக்கு ஜனவரி விடிகாலைல 20, 21 டிகிரி இருந்தாலே ஸ்வெட்டர் வெளிய வந்துடும். ஆனா மத்திய ஆசியாவிலயும் சைபீரியாவிலயும் ஏரியெல்லாம் உறைஞ்சு போறப்போ, சாப்பாடு தேடி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வர்ற ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி, கருவால் மூக்கன் இதுக்கெல்லாம் நம்ம பள்ளிக்கரணைதான் குளிர்கால வீடு. ஒரு பக்கம் பெருங்குடி குப்பைக் கிடங்கு, சுத்தி ஐடி கம்பெனி கட்டடங்கள், நடுவுல இது. 2022-ல ராம்சார் பட்டியல்லயும் சேர்ந்துடுச்சு. வடகிழக்குப் பருவமழை முடிஞ்சு ஜனவரில தண்ணி மெல்ல வத்த ஆரம்பிக்கும்போது சேறு வெளிய தெரியும். அப்போதான் நீளக்கால் பறவைங்களுக்குக் கொண்டாட்டம்.

இப்போ கணக்குக்கு வருவோம். ஒத்த முக்கோணம் பத்தாம் வகுப்புல படிச்சதுதான். நம்ம கிளப் கேமரா மாதிரி ஏபிஎஸ்-சி சென்சார்னா அகலம் சுமார் 23.5 எம்எம். 600 எம்எம் லென்ஸ் போட்டு 50 மீட்டர்ல ஒரு வாத்தைப் பார்த்தா, ஃபிரேமோட மொத்த அகலம் ஏறக்குறைய 2 மீட்டர். வாத்து அரை மீட்டர் நீளம்னு வச்சுக்குங்க, ஃபிரேம்ல கால்வாசி. 24 மெகாபிக்சல் படத்துல அகலம் 6000 பிக்சல், அதனால வாத்துக்கு 1500 பிக்சல் கிடைக்கும். அருமையான படம். அதே வாத்து 200 மீட்டர்ல இருந்தா? பதினாறுல ஒரு பங்கு. 375 பிக்சல். வாட்ஸ்அப் டிபிக்கு ஓகே, அவ்வளவுதான்.

"சரிண்ணா, க்ராப் பண்ணிக்கலாமே"ன்னு கேப்பீங்க. பண்ணலாம், நடுவுல காத்து இல்லாம இருந்தா.

காத்தோட ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.0003. அந்த 0.0003 வெப்பநிலையைப் பொறுத்து துளித்துளியா மாறும். வெயில் ஏற ஏற தார் ரோடும் காஞ்ச சேறும் சீக்கிரம் சூடாகும், தண்ணி மெதுவாத்தான் சூடாகும். சூடான காத்து மேல எழும்ப, குளிர்ந்த காத்து கீழ இறங்க, ஒண்ணோட ஒண்ணு கலக்கும். ஒவ்வொரு சின்னக் காத்துப் பொட்டலமும் ஒரு மோசமான லென்ஸ் மாதிரி வேலை செய்யும். நட்சத்திரம் மினுக்குறதும், மதியம் ரோட்ல கானல் நீர் ஆடுறதும் இதே சமாச்சாரம்தான். 600 எம்எம் பறவையை மட்டும் பெருசாக்காது, இந்த ஆட்டத்தையும் அதே அளவுக்குப் பெருசாக்கும். வாத்து தூரமா இருக்க இருக்க நடுவுல இருக்கிற காத்தும் அதிகம்.

இதை ஷட்டர் ஸ்பீடு ஏத்தி சரி பண்ண முடியாது. 1/4000 வச்சா ஆட்டம் உறையும், ஆனா கோணல் கோணலாத்தான் உறையும். ஆட்டோ ஃபோகஸும் எதைப் பிடிக்கிறதுன்னு தெரியாம முன்னாடி பின்னாடி ஓடும். லென்ஸ்ல ஃபால்ட்னு வாடகைக் கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் பண்ணுங்க. லைவ் வியூல பத்து மடங்கு ஜூம் பண்ணி, அசையாம நிக்கிற ஒரு கம்பத்தைப் பாருங்க. கம்பம் பாம்பு மாதிரி நெளிஞ்சா, பிரச்னை லென்ஸ்ல இல்ல.

இதனாலதான் பழைய ஆளுங்க எல்லாம் விடியும்போதே போய் நிக்கிறாங்க. ஜனவரில சென்னைல சூரியன் உதிக்கிறது ஆறரை மணி சுமாருக்கு. அதுல இருந்து எட்டு, எட்டரை வரைக்கும் காத்து கொஞ்சம் அமைதியா இருக்கும். ஆனா அந்த நேரத்துல வெளிச்சம் கம்மி, அங்கதான் அடுத்த சிக்கல். இந்த மாதிரி லென்ஸ் 600-ல எஃப் 6.3 தான் திறக்கும். (600-ஐ 6.3-ஆல வகுத்துப் பாருங்க, 95 வரும். முன்னாடி மாட்டுற ஃபில்டர் சைஸும் 95 எம்எம் தான். இதைக் கண்டுபிடிச்சப்போ எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.) பறக்கிற வாத்துக்கு 1/2000 வேணும்னா, ஐஎஸ்ஓ 3200, 6400னு போயிடும். படத்துல நாய்ஸ் வரும். வரட்டும். நாய்ஸை சாஃப்ட்வேர்ல ஓரளவு எடுத்துடலாம், கானல் ஆட்டத்தை எடுக்க முடியாது. ஏஐ ஷார்ப்பனிங் போட்டா இறகு வரும்தான், ஆனா அது அந்தப் பறவையோட இறகு இல்ல, சாஃப்ட்வேர் கற்பனை பண்ண இறகு.

இன்னொரு விஷயம், நாமளே காத்தைச் சூடாக்கிட்டு நிக்கிறோம். இப்போதான் ஓட்டிட்டு வந்த பைக் எஞ்சினுக்கு மேலயோ கார் பானட்டுக்கு மேலயோ லென்ஸை நீட்டினா படம் காலி. ரோட்டைத் தாண்டி எதிர்ப் பக்கம் இருக்கிற பறவையையும் எடுக்காதீங்க, தார் மேல இருக்கிற காத்து வழியாத்தான் பார்க்கிறீங்க. பனி கொட்டுற நாடுகள்லயும் இதே கதைதான். ஹீட்டர் போட்ட கார் ஜன்னலை இறக்கி லென்ஸை வெளிய நீட்டுவாங்க, உள்ள இருந்து சூடான காத்து லென்ஸ் முன்னாடியே வழிஞ்சு போகும், பத்து மீட்டர்ல இருக்கிற நரி கூட மங்கலா வரும். ஹீட்டரை நிறுத்தி, காரோட உள்பக்கமும் வெளிய மாதிரி குளிர்ற வரைக்கும் காத்திருக்கணும். நமக்கு இதோட தலைகீழ் வெர்ஷன் இருக்கு: ஏசி கார்ல இருந்து கேமராவை எடுத்த உடனே நம்ம ஊர் ஈரக் காத்து பட்டு கண்ணாடி முழுக்க வேர்க்கும். பையை மூடி வச்சே கால் மணி நேரம் வெளிய விட்டுட்டு அப்புறம் திறங்க. ஊட்டில விடிகாலை உறைபனில எடுத்துட்டு ரூமுக்கு வந்தாலும் இதே பைதான் மருந்து.

கை நடுக்கம் பத்தி எல்லாரும் பேசுவாங்க, அதனால சுருக்கமா சொல்றேன். 1.5 க்ராப்ல 600ங்கிறது 900 மாதிரி, அதனால ஸ்டெபிலைசேஷன் இல்லாம கைல பிடிச்சா 1/900-க்கு கீழ போகக் கூடாதுங்கிறது பொதுவான விதி. ஸ்டெபிலைசேஷன் இருந்தா அது உங்க கையை நிறுத்தும், பறவையை நிறுத்தாது. லென்ஸ் ரெண்டு கிலோ சுமார். அரை மணி நேரத்துல தோள் சொல்லிடும், மோனோபாட் எடுத்துட்டு போங்க. 1.4 டெலிகன்வர்ட்டர் வேணுமான்னு கேட்டா, இந்த லென்ஸுக்கு வேண்டாம். எஃப் 9 ஆயிடும், பழைய டிஎஸ்எல்ஆர்ல ஃபோகஸ் நின்னுடும், கானலையும் 1.4 மடங்கு பெருசாக்கும்.

வெள்ளைப் பறவைக்கு எக்ஸ்போஷரைக் கவனிங்க. பனில எடுக்கிறவங்க மீட்டரை நம்பினா பனி சாம்பலாயிடும், அதனால ப்ளஸ் பக்கம் ஏத்துவாங்க. நம்ம கதை வேற. கருப்புத் தண்ணில ஒரு கொக்கு நின்னா, மீட்டர் தண்ணியைப் பார்த்து வெளிச்சத்தை ஏத்திடும், கொக்கு வெறும் வெள்ளைக் காகிதமாயிடும். மைனஸ் 0.7, மைனஸ் 1 வச்சுப் பாருங்க.

பக்கத்துல கிடைச்சா மட்டும் போதுமான்னா, அதுலயும் ஒரு வேடிக்கை இருக்கு. 50 மீட்டர்ல எஃப் 6.3-ல டெப்த் ஆஃப் ஃபீல்டு ஒன்றரை மீட்டருக்கு மேல, வாத்து முழுசா ஷார்ப். 10 மீட்டர்ல ஒரு மீன்கொத்தி வந்து உக்காந்தா, அது 7 சென்டிமீட்டருக்கும் கம்மி. உங்களைப் பார்த்துத் திரும்பினா அலகு நுனி ஷார்ப்பா இருக்கும், கண்ணு மங்கிடும். கண்ணுல ஃபோகஸ் வைங்க, மத்தது எப்படிப் போனாலும் பரவாயில்ல.

ஆக நல்ல படத்துக்கு வழி, பறவைக்கும் உங்களுக்கும் நடுவுல தூரம் குறையறதுதான். அதை யார் குறைக்கணும்ங்கிறதுலதான் எனக்குக் கறாரான கருத்து இருக்கு. நாம சேத்துல இறங்கி துரத்திப் போகக் கூடாது. கரையோரமா, உடம்பைத் தாழ்த்தி, அசையாம உக்காந்தா, மேய்ஞ்சுக்கிட்டே பறவை அதுவா பக்கத்துல வரும். முக்கால் மணி நேரம் ஆகலாம், வராமலும் போகலாம். உக்காந்து எடுக்கும்போது பறவையோட கண் மட்டத்துல பார்க்கிறோம், பின்னணி தூரமாகி மங்கலாகும், அதுவே படத்தைப் பாதி நல்லாக்கிடும்.

போன சீசன்ல ஒருத்தர் கை தட்டி மொத்தக் கூட்டத்தையும் கிளப்பினதை நான் பார்த்தேன். பறக்கிற ஷாட் வேணுமாம். கூட்டம் எழுந்து ரெண்டு சுத்து சுத்தி இன்னும் தூரமா போய் உக்காந்துச்சு. அவருக்கு என்ன கிடைச்சதோ தெரியல, அங்க நின்ன எங்க யாருக்கும் அன்னிக்கு அப்புறம் ஒண்ணும் கிடைக்கல. அது சின்ன நஷ்டம். பறவைக்குத்தான் பெரிய நஷ்டம். சும்மா நிக்கிறதை விட பறக்கிறதுக்குப் பல மடங்கு சக்தி செலவாகும். வந்த வழியே திரும்பிப் போறதுக்குத் தேவையான கொழுப்பை அதுங்க இந்த ரெண்டு மூணு மாசத்துலதான் சேர்த்தாகணும். காலைல நாம ஒரு தடவை கிளப்பிவிட்டா, அடுத்த பைக்ல வர்றவர் இன்னொரு தடவை கிளப்பிவிடுவார். தினம் இது நடந்தா கணக்கு எங்க போகும்னு நீங்களே போட்டுப் பாருங்க.

பறவை முன்கூட்டியே சொல்லும். மேயறதை நிறுத்தி கழுத்தை நீட்டி உங்களையே பார்த்தா, இல்ல கூட்டமா மெதுவா எதிர்ப் பக்கம் நீந்த ஆரம்பிச்சா, நீங்க ஏற்கெனவே ரொம்பக் கிட்ட வந்துட்டீங்க. அப்படியே நில்லுங்க, இல்ல ரெண்டு அடி பின்னாடி போங்க. திரும்ப மேய ஆரம்பிச்சா, அந்தத் தூரம்தான் உங்க தூரம். 600 எம்எம் லென்ஸோட உண்மையான உபயோகம் இந்தத் தூரத்துல நின்னே எடுக்க முடியுதுங்கிறதுதான்.

ஷார்ப் இல்லாத படத்தை எல்லாம் உடனே டெலீட் பண்ணாதீங்க. பொங்கலை ஒட்டி நாலு நாள் தமிழ்நாடு முழுக்க பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், லிஸ்டை இ-பேர்டு ஆப்ல போடலாம். கருவால் மூக்கனா பட்டைவால் மூக்கனான்னு சந்தேகம் வந்தா, கானல்ல நெளிஞ்ச ஒரு படத்துல வால் தெரிஞ்சாலே முடிவு பண்ணிடலாம். அப்புறம் காலையும் ஜூம் பண்ணிப் பாருங்க. கோடியக்கரைல பாம்பே நேச்சுரல் ஹிஸ்டரி சொசைட்டி பல பத்தாண்டுகளா பறவைங்களைப் பிடிச்சு காலுக்கு வளையம் மாட்டி விடுறாங்க, வேற நாடுகள்லயும் மாட்டுறாங்க. கலர் பட்டைல எழுத்து தெரிஞ்சா, அந்தப் பறவையை எந்த ஊர்ல, எந்த வருஷம் பிடிச்சாங்கன்னு கண்டுபிடிக்க முடியும். அந்த எழுத்து மட்டும் படிக்கிற அளவுக்கு இருந்தா போதும், 375 பிக்சல் வாத்தா இருந்தாலும் அனுப்பி வைங்க.