நான்கு பக்கம் அளந்தால் போதுமா? வயலை அளத்தலும் திட்டமிடலும்

ஏக்கர், சென்ட் என்னும் சொற்களைக் கிராமப்புறக் குழந்தைகள் வீட்டிலேயே கேட்டு வளர்கிறார்கள். ஆனால், பாடநூலில் உள்ள செவ்வகத்தைப் போல வயல்கள் இருப்பதில்லை. ஒரு பக்கம் நீண்டும் மறுபக்கம் குறுகியும் கிடக்கும் நிலத்தின் பரப்பை எப்படிக் காண்பது, அதில் எதை எங்கே அமைப்பது என்பதைக் கணக்கு வகுப்பின் செயல்பாடாக மாற்றலாம்.

சராசரி முறையின் பிழை

எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரிகளைப் பெருக்கிப் பரப்பைச் சொல்லும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. இது மிகப் பழைய முறை. கி.பி. 628இல் எழுதிய நூலில் பிரம்மகுப்தர் இதைத் தோராயப் பரப்பு என்றே குறிப்பிடுகிறார்.

அ, ஆ, இ, ஈ என்னும் நான்கு மூலைகள் கொண்ட ஒரு வயலை எடுத்துக்கொள்வோம். அஆ = 40 மீ, ஆஇ = 30 மீ, இஈ = 50 மீ, ஈஅ = 60 மீ. சராசரி முறைப்படி 45 × 45 = 2025 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர் என்பதால், இது ஏறத்தாழ 50 சென்ட்.

இப்போது அ முதல் இ வரை மூலைவிட்டத்தையும் அளப்போம். அது 50 மீ என்க. வயல் இரு முக்கோணங்களாகப் பிரிகிறது. ஒன்பதாம் வகுப்பில் வரும் ஹெரான் சூத்திரப்படி,

• முக்கோணம் அஆஇ (40, 30, 50): 600 ச.மீ.
• முக்கோணம் அஇஈ (50, 50, 60): 1200 ச.மீ.

மொத்தம் 1800 ச.மீ.; அதாவது சுமார் 44.5 சென்ட். ஐந்தரை சென்ட் இல்லாத நிலம் கணக்கில் சேர்ந்துவிட்டது! நிலத்தை வாங்குபவருக்கும் குத்தகைக்கு எடுப்பவருக்கும் இது நேரடி இழப்பு. நான்கு மூலைகளும் செங்கோணமாக இருந்தால் மட்டுமே சராசரி முறை சரியான விடை தரும். மற்ற நாற்கரங்களில் எப்போதும் கூடுதலாகவே காட்டும்.

காரணத்தைக் குழந்தைகள் கையாலேயே உணரலாம். நான்கு ஈர்க்குச்சிகளைச் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளால் இணைத்து நாற்கரம் செய்யச் சொல்லுங்கள். அழுத்தினால் அது சாயும். பக்கங்கள் மாறாமலே பரப்பு குறையும். குறுக்கே ஒரு குச்சியைப் பொருத்தியதும் அசையாது நிற்கும். அந்தக் குறுக்குக் குச்சிதான் மூலைவிட்டம். நில அளவைத் துறையின் புலப்படத்திலும் வயலின் குறுக்கே இத்தகைய கோடுகளையும் அவற்றின் அளவுகளையும் காணலாம். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் அளவில் இருக்கும். ஓர் ஏர் 100 ச.மீ. ஆகையால், நம் வயல் 18 ஏர்.

வயலைத் தாளில் வரைதல்

1 செ.மீ. = 5 மீ. என்னும் அளவுத்திட்டத்தில் வரைந்தால் மூலைவிட்டம் 10 செ.மீ. முதலில் அதை வரைந்து, கவராயத்தால் 8, 6 செ.மீ. வில்களை ஒரு பக்கமும், 12, 10 செ.மீ. வில்களை மறுபக்கமும் வெட்டினால் வயலின் வடிவம் கிடைத்துவிடும். கோணமானியால் அளந்தால் அ, ஆ இரண்டும் செங்கோணம் என்று தெரியும். ஆகவே இது சரிவகம். ½ × (60 + 30) × 40 = 1800 என்று விடையைச் சரிபார்க்கலாம்.

மேடும் பள்ளமும்

பரப்பு தெரிந்த பின் நீரோட்டத்தை அறிய வேண்டும். கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயே போதும். குழாயின் இரு முனைகளிலும் நீர்மட்டம் ஒன்றாக இருக்கும். தரையிலிருந்து நீர்மட்டம் வரை அளந்தால், எங்கு உயரம் அதிகமோ அந்த இடம் பள்ளம். நீளமான வயலில் பத்துப் பத்து மீட்டராக அளந்து வேறுபாடுகளைக் கூட்டிக்கொள்ளலாம்.

நம் வயல் அஈ பக்கம் மேடாகவும் ஆஇ பக்கம் 60 செ.மீ. தாழ்ந்தும் இருப்பதாகக் கொள்வோம். 40 மீட்டருக்கு 60 செ.மீ. என்றால் சரிவு 1.5 விழுக்காடு. வாய்க்கால் மேட்டுப் பக்கம் தொடங்க வேண்டும். பண்ணைக்குட்டை பள்ளத்தில் அமைய வேண்டும். வரப்புகளும் மர வரிசைகளும் சரிவுக்குக் குறுக்கே, அதாவது அஈ கோட்டுக்கு இணையாகச் செல்ல வேண்டும். அப்போதுதான் மழைநீர் மண்ணை அரிக்காமல் நின்று இறங்கும்.

எத்தனை கன்றுகள்?

தென்னைக்கு 7.5 மீ × 7.5 மீ இடைவெளி. ஒரு மரத்துக்கு 56.25 ச.மீ. சராசரி முறைப் பரப்பை வகுத்தால் 36 கன்றுகள். சரியான பரப்பை வகுத்தால் 32. ஆனால், ஓரங்களில் 3.75 மீ விட்டுப் படத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் ஐந்து வரிசைகளில் முறையே 7, 6, 6, 5, 4 என 28 கன்றுகளுக்கே இடம் உண்டு. சாய்ந்த பக்கத்தில் முழு இடைவெளி கிடைக்காததே காரணம். கடைசி வரிசை இருக்கும் இடத்தில் குட்டை வெட்டினால் எத்தனை மிஞ்சும் என்று கேளுங்கள். வகுத்தல் மட்டும் திட்டமாகாது என்பதைக் குழந்தைகளே கண்டுபிடிப்பார்கள்.

கவனிக்க வேண்டியவை

தொடக்க வகுப்புக் குழந்தைகள் பள்ளி வளாகத்திலேயே கயிறு பிடித்து அளந்து, சிறு கற்களை வைத்து வரிசை அமைக்கலாம். உயர்நிலை வகுப்புகளை வயலுக்கு அழைத்துச் சென்றால் உரிமையாளரின் அனுமதி தேவை. மூடப்படாத கிணறுகள் உள்ள பக்கம் செல்லக் கூடாது. மாணவர் அளவீடு கற்றலுக்கானது. எல்லைச் சிக்கல்களை நில அளவரே தீர்க்க வேண்டும் என்பதை முன்பே தெளிவுபடுத்திவிடுங்கள். ஆனால், நான்கு பக்கம் மட்டும் அளந்து பரப்பைச் சொல்லும்போது, "மூலைவிட்டம் எவ்வளவு?" என்று கேட்கும் பழக்கம் நம் மாணவர்களுக்கு வந்துவிட்டால், அது அவர்கள் குடும்பத்துக்கும் பயன்படும்.