புது லேப்டாப்பில் பழைய கேம் ஏன் ஓடுவதில்லை? ‘க்ராக்’ தேடும் முன் இதைப் படிங்க!

புது கம்ப்யூட்டர் வந்ததும் பலரும் செய்யும் முதல் வேலை, பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதை அப்படியே இழுத்துப் புதிதில் போடுவது. கல்யாண போட்டோ, ரெஸ்யூமே, டேலி பேக்கப் என எல்லாம் வரும். கூடவே ‘கேம்ஸ்’ என்றொரு ஃபோல்டரும் வந்துவிடும். ‘ரோட் ராஷ்’, ‘வைஸ் சிட்டி’, ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’, ‘டேஞ்சரஸ் டேவ்’. சரி, ஒரு ரவுண்டு போடலாமே என்று டபுள் கிளிக் செய்தால் ஒன்றுமே நடக்காது. அல்லது ‘இந்த ஆப் உங்கள் பிசியில் இயங்காது’ என்று நீலப் பெட்டி ஒன்று எட்டிப் பார்க்கும்.

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. அதனால் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் தொழிலை நம்பி இருக்கும் ஊர்களிலும், மற்ற ஊர்களைப் போலவே, பழைய மெஷின்களுக்கு விடைகொடுக்கும் நேரம் இது. பள்ளி விட்டதும் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குப் பார்த்துக் காசு கொடுத்து விளையாடிய தலைமுறை, இன்று ஷூ கம்பெனியில் மெர்ச்சண்டைசராகவோ பெங்களூருக்குப் போய்வரும் ஐடி ஊழியராகவோ இருக்கிறது. கையில் இருப்பதோ பெரும்பாலும் ஆபீஸ் லேப்டாப். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

கேம் கெட்டுப்போச்சா?

இல்லை. ஃபோல்டரில் இருக்கும் ஃபைல் 20 வருஷத்துக்கு முன்பு எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. மாறியது அதற்குக் கீழே இருக்கும் தரை.

‘டேஞ்சரஸ் டேவ்’, 1990-ல் வந்த முதல் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’வின் பிசி வடிவம் போன்றவை டாஸ் காலத்து 16-பிட் கேம்கள். 32-பிட் விண்டோஸில் இவற்றை ஓட்டுவதற்கென்றே தனியாக ஓர் ஏற்பாடு உள்ளேயே இருந்தது. 64-பிட் விண்டோஸில் அது கிடையாது. ப்ராசசர் 64-பிட் முறையில் ஓடும்போது, அந்தப் பழைய ஏற்பாடு நம்பியிருந்த வசதியே மூடிக்கொள்கிறது. பிரவுசிங் சென்டர்களில் இருந்தவை பெரும்பாலும் 32-பிட் எக்ஸ்பி. விண்டோஸ் 11-ல் 32-பிட் பதிப்பே இல்லை. ஆக, இந்தக் கேம்களுக்கு அந்த வழி முழுசாக அடைபட்டுவிட்டது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 90-களின் கடைசியில் வந்த பல கேம்கள் 32-பிட்தான். புது விண்டோஸில் ஓடக்கூடியவைதான். ஆனால் சிடியில் இருக்கும் ‘செட்டப்’ ஃபைல் மட்டும் 16-பிட்டாக இருக்கும். வீட்டுக்குள் ஆள் இருக்கிறார், கதவுதான் திறக்கவில்லை.

சிவப்புப் புல், ஊதாத் தண்ணீர்

சில கேம்கள் ஓடும், ஆனால் கலர் கன்னாபின்னாவென்று தெரியும். விண்டோஸ் 7 காலத்தில் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ ஆடியவர்களுக்கு இது நன்றாகவே ஞாபகம் இருக்கும்.

ஆம்பூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஃபினிஷிங்கில் ஷேடு கார்டு எப்படி வேலை செய்கிறது? ஆர்டரில் நம்பர் மட்டும்தான் இருக்கும். கார்டைப் பார்த்துத்தான் அது டார்க் பிரவுனா, டேனா என்று சாயம் போடுபவர் தெரிந்துகொள்வார். அந்தக் காலத்து கேம்களும் அப்படித்தான். ஒரே நேரத்தில் 256 நிறங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நம்பர். நிறம் என்னவென்று சொல்ல ஒரு கார்டு. கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே விண்டோஸின் டெஸ்க்டாப் தன்னுடைய கார்டை நடுவில் நுழைத்துவிட்டால், நம்பர் சரியாக இருந்தும் நிறம் மாறிவிடும். அதனால்தான் கேமை ஓட்டும் முன் டெஸ்க்டாப்பையே நிறுத்திவிடும் குறுக்குவழி அப்போது அவ்வளவு பிரபலமாக இருந்தது.

வேகம் இன்னொரு தலைவலி. ‘வைஸ் சிட்டி’, ‘சான் ஆண்ட்ரியாஸ்’ இரண்டிலும் செட்டிங்ஸில் ‘ஃப்ரேம் லிமிட்டர்’ என்று ஒன்று இருக்கும். ‘நம்மகிட்டதான் செம கிராபிக்ஸ் கார்டு இருக்கே’ என்று அதை ஆஃப் செய்தால், வண்டி ஓடுவது, நீச்சல் அடிப்பது எல்லாம் கோணல்மாணலாகும். கேமுக்குள் இருக்கும் கணக்குகள் குறிப்பிட்ட வேகத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. லிமிட்டரை ஆனிலேயே விட்டுவிடுங்கள்.

ஒரிஜினல் சிடியே இருந்தும் ஓடாதது ஏன்?

இதுதான் பலரைக் கடுப்பேற்றும் விஷயம். காசு கொடுத்து வாங்கிய சிடியாகவே இருக்கும். கள்ள நகலைத் தடுக்க அந்தக் காலத்தில் ‘சேஃப்டிஸ்க்’ என்ற பூட்டு பல சிடிகளில் இருந்தது. சிடி ஒரிஜினலா என்று பார்க்க, விண்டோஸின் அடி ஆழத்தில் ஒரு டிரைவரை அது பயன்படுத்தியது. அந்த டிரைவர் ஹேக்கர்களுக்கு வசதியான ஓட்டையாக இருந்ததால், 2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது மைக்ரோசாஃப்ட் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் பழைய விண்டோஸ்களிலும் ஒரு அப்டேட் மூலம் அதை முடக்கியது. பாதுகாப்பு என்று பார்த்தால் சரியான முடிவு. ஆனால் நியாயமாகக் காசு கொடுத்தவர்தான் வெளியே நிற்கிறார். கள்ள நகல் வைத்திருந்தவருக்கு ஒரு பாதிப்பும் இல்லை.

காணாமல் போன விமானம்

எல்லாப் பழியையும் மைக்ரோசாஃப்ட் மேல் போடவும் முடியாது. அதற்கு நல்ல உதாரணம் ‘சான் ஆண்ட்ரியாஸ்’. பிசியில் 2005-ல் வந்த கேம். 2024 கடைசியில் விண்டோஸ் 11-ன் ‘24எச்2’ அப்டேட் போட்டவர்கள் ஒரு விநோதத்தைக் கவனித்தார்கள். தண்ணீரில் மிதக்கும் ‘ஸ்கிம்மர்’ விமானத்தைக் காணோம். வழக்கமாக நிற்கும் இடத்தில் இல்லை. குறுக்குவழியில் வரவழைக்கப் பார்த்தாலும் வரவில்லை. ஹீரோ சிஜே-வை வலுக்கட்டாயமாக அதில் ஏற்றினால், 1-க்குப் பின்னால் 31 பூஜ்ஜியம் போட்டால் எவ்வளவோ, அத்தனை மீட்டர் உயரத்துக்குத் தூக்கி எறியப்பட்டார்.

பழைய கேம்களுக்குத் திருத்தம் எழுதும் ‘சைலன்ட்’ என்ற மாடர் இதைத் தோண்டி எடுத்து, 2025 ஏப்ரலில் காரணத்தை விளக்கினார். ஒவ்வொரு வண்டிக்கும் கேமில் ஒரு வரி உண்டு: பெயர், வகை, சக்கரத்தின் அளவு. முந்தைய கேமான ‘வைஸ் சிட்டி’யில் ஸ்கிம்மர், படகு வகையில் இருந்தது. படகுக்கு ஏது சக்கரம்? ‘சான் ஆண்ட்ரியாஸி’ல் அதை விமானமாக மாற்றியவர்கள், சக்கர அளவை எழுத மறந்துவிட்டார்கள்.

ஷூ ஃபேக்டரி பாஷையில் சொல்வதானால், ஆர்டர் ஷீட்டில் ‘சைஸ்’ கட்டம் காலி. கேள்வி கேட்காமல், முந்தைய ஆர்டரின் சைஸையே போட்டு வேலையை முடித்திருக்கிறார்கள். கேமும் அதையேதான் செய்தது. அதற்கு முந்தைய வரியில் இருந்த வேனின் சக்கர அளவு மெமரியில் அழியாமல் கிடந்ததால், அதையே ஸ்கிம்மருக்கும் எடுத்துக்கொண்டது. 24எச்2-வில் விண்டோஸின் உள்வேலை ஒன்று கொஞ்சம் மாறியது. மெமரியின் அந்த மூலையை விண்டோஸ் வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டது. வேனின் அளவு அழிந்து, அர்த்தமில்லாத ஒரு எண் வந்து உட்கார்ந்தது. அவ்வளவுதான், விமானம் போயே போச்சு.

பிழை செய்தது கேமை எழுதியவர்கள். கிட்டத்தட்ட 20 வருஷம் அதை விண்டோஸ் தற்செயலாக மூடிமறைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. ‘நேற்று வரைக்கும் ஓடிச்சே, இன்னிக்கு அப்டேட் போட்டதும் போச்சு’ என்று புலம்பும்போது இந்த ஸ்கிம்மரை நினைத்துக்கொள்ளலாம்.

சரி, எப்படித்தான் ஓட்டுவது?

முதலில் கேம் எந்தக் காலத்தது என்று பாருங்கள். டாஸ் கேம் என்றால் ‘டாஸ்பாக்ஸ்’ போதும். இலவசம். புது கம்ப்யூட்டருக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டரையே நடிக்கவைக்கும் மென்பொருள் இது. டேவ் தலைதெறிக்க ஓடினால் கண்ட்ரோல் பொத்தானோடு எஃப்11-ஐ அழுத்தினால் வேகம் குறையும், எஃப்12 கூட்டும். விண்டோஸ் 3.1 காலத்து 16-பிட் கேம் என்றால் ‘வின்விடிஎம்’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

95 முதல் எக்ஸ்பி காலம் வரையிலான கேம்களுக்கு, ஃபைல் மீது ரைட் கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’ போய், ‘கம்பாட்டிபிலிட்டி’யில் பழைய விண்டோஸைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். 256 நிறம் கேட்கும் கேம்களுக்கு அங்கேயே ‘8-பிட் கலர்’ வசதி உண்டு. ‘டைரக்ட்பிளே வேண்டும்’ என்று கேட்டால் பதற வேண்டாம். விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் ‘லெகசி காம்பொனன்ட்ஸ்’ கீழே தூங்கிக்கொண்டிருக்கும், டிக் செய்தால் போதும். படம் மட்டும் சரியில்லை என்றால் ‘டிஜிவூடூ 2’ உதவும். பழைய கேம் பேசும் கிராபிக்ஸ் மொழியைப் புது கார்டுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் வேலை அதனுடையது.

இன்னொன்று, பலரும் கோட்டைவிடுவது. பழைய கேம்கள் ‘சேவ்’ ஃபைலைத் தங்கள் ஃபோல்டருக்குள்ளேயே எழுதும். ‘ப்ரோகிராம் ஃபைல்ஸ்’ உள்ளே இன்ஸ்டால் செய்தால் விண்டோஸ் அதை எழுத விடாது. அல்லது வேறு எங்கோ ஒளித்து வைக்கும். சி டிரைவில் ‘கேம்ஸ்’ என்று தனி ஃபோல்டர் போட்டு அங்கே வையுங்கள். பழைய மெஷினைக் கழிக்கும் முன் அதில் இருக்கும் சேவ் ஃபைல்களையும் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆபீஸ் லேப்டாப்பில் வேண்டாம்

மேலே சொன்னதெல்லாம் பொறுமையாகச் செய்ய வேண்டியவை. ராத்திரி 11 மணிக்கு யாருக்கு அந்தப் பொறுமை? கேமின் பெயரோடு ‘ஃபுல் வெர்ஷன் ஃப்ரீ’ என்று சேர்த்துத் தேடுவோம். வரும் ஃபைலோடு ஒரு குறிப்பும் வரும்: ‘ஆன்ட்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்.’ அந்த வரியைப் பார்த்ததும் மூடிவிட்டு எழுந்துபோவது நல்லது. க்ராக் என்ற பெயரில் வருவது, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போகும் மால்வேராகவும் இருக்கலாம். அந்த லேப்டாப்பில் வெளிநாட்டு பையரின் அடுத்த சீசன் டிசைன், இன்வாய்ஸ், பேங்க் லாகின் எல்லாம் இருக்கும். இன்வாய்ஸில் வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் மாற்றி பையருக்கு மெயில் போனால், ஒரு கன்டெய்னருக்கான பணமே திசைமாறிவிடும். 1996-ல் வந்த ஒரு பைக் ரேஸுக்காக இந்த ரிஸ்க் தேவையா? ஏற்கெனவே பணம் போயிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணை அழையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1957-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், பிரிவு 52, ஒரு மென்பொருளை முறையாக வைத்திருப்பவர் தன் பாதுகாப்புக்காக அதை பேக்கப் எடுக்க அனுமதிக்கிறது. யாரோ இணையத்தில் ஏற்றியதை இறக்கிக்கொள்வது அதில் வராது.

முடிந்தால் வாங்கிவிடுவதே எளிது. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’-க்கு 2019-ல் ‘டெஃபினிட்டிவ் எடிஷன்’ வந்தது. புது விண்டோஸுக்காகவே செய்தது. பழைய கேம்களைப் புது மெஷினில் ஓடும்படி சரிசெய்து, பூட்டு இல்லாமல் விற்பதற்கென்றே ‘கோக்’ என்ற இணையக் கடை 2008-ல் தொடங்கப்பட்டது. முதல் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’வின் கதை இன்னும் நல்லது. அதை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர், தொலைந்துவிட்டதாக நினைத்த பழைய ஃபிளாப்பிகள் கிடைத்ததும், மூல நிரலை 2012-ல் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டுவிட்டார்.

‘ரோட் ராஷ்’ போன்ற சில கேம்களுக்கு இந்த அதிர்ஷ்டம் எளிதில் வாய்ப்பதில்லை. அதில் ‘சவுண்ட்கார்டன்’ போன்ற நிஜ ராக் குழுக்களின் பாடல்கள் இருக்கின்றன. இப்படிப்பட்ட கேமை மறுபடி விற்க வேண்டுமானால் பாட்டுக்கும் உரிமை வேண்டும். அதனால் ஒரிஜினல் சிடி இன்னும் வீட்டில் இருக்கிறது என்றால், ஒரு யுஎஸ்பி டிவிடி டிரைவை இரவல் வாங்கி இந்த வாரமே அதை ஐஎஸ்ஓ இமேஜாக மாற்றிவையுங்கள். விண்டோஸ் 8-லிருந்து அந்த இமேஜை டபுள் கிளிக் செய்தாலே சிடி போட்ட மாதிரி திறக்கும்.