மையவாடிச் சரிவில் உன்னிச்செடி: ஒரே நாளில் ஏன் வெட்டக்கூடாது?



சென்ற பொதுக்குழுவில் பலரும் எழுந்து கேட்ட கேள்வி ஒன்றுதான். மையவாடிக்கு மேலே இருக்கும் டிரஸ்ட் நிலம் புதராகிக் கிடக்கிறது, ஒரு ஜேசிபியை இறக்கினால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும், பிறகு ஏன் மூன்று வருடம் என்று சொல்கிறீர்கள்? கேட்டதில் நியாயம் இருக்கிறது. போன ஐப்பசி மழையில் ஒரு ஜனாஸாவைக் கொண்டு போனபோது, பாதையின் இரு பக்கமும் செடி நெருக்கிக்கொண்டிருந்ததால் சந்தூக்குக்குத் தோள் கொடுக்க ஆட்கள் நிற்க இடமில்லை. முன்னால் பிடித்திருந்தவர் கால் வழுக்கி உட்கார்ந்தே விட்டார். புதருக்குள் காட்டெருமை படுத்திருப்பதை மதரஸா பிள்ளைகள் இரண்டு முறை பார்த்திருக்கிறார்கள். சரிவை இப்படியே விட முடியாது என்பதில் எங்களுக்கும் மாற்றுக்கருத்து இல்லை. எப்படிச் சுத்தம் செய்வது என்பதில்தான் பேச்சு. கூட்டத்தில் நேரமில்லாமல் சுருக்கமாகச் சொன்ன பதிலை இங்கே விரித்து எழுதுகிறோம். கோத்தகிரிப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் கால் ஏக்கர், அரை ஏக்கர் சரிவு நிலம் வைத்திருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர் என்பதால் அவர்களுக்கும் இது பயன்படும்.

முதலில், அங்கே முளைத்திருப்பது என்ன என்று பார்ப்போம். பெரும்பகுதி உன்னிச்செடி. லேண்டனா என்றும் சொல்கிறோம். மஞ்சளும் ரோஸுமாகக் கொத்துப் பூ, தண்டில் சிறு முள், கசக்கினால் ஒரு நெடி. இது நம் மண்ணின் செடி அல்ல. மத்திய, தென் அமெரிக்காவிலிருந்து 1800களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுச் செடியாகவும் வேலிச் செடியாகவும் கொண்டுவரப்பட்டது. வேலியைத் தாண்டி அது நாட்டையே வளைத்துவிட்டது. ஒரு செடி வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் பழம் வைக்கும். கறுத்துப் பழுத்ததும் கொண்டைக்குருவியும் மைனாவும் தின்று, எந்த மரத்தில் உட்காருகின்றனவோ அதன் அடியில் விதையைப் போட்டுவிடும். நம் சரிவில் சில்வர் ஓக் மரங்களின் அடியில்தான் புதர் மிகவும் அடர்த்தி. காரணம் இதுதான். பூச்சிகளைக் கொண்டுவந்து விட்டால் இதைத் தின்று ஒழித்துவிடும் என்று 1920களிலிருந்தே நம் நாட்டில் முயன்று பார்த்தார்கள். உன்னி ஒழியவில்லை.

இனி எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். சில வருடங்களுக்கு முன்பு நாங்களே ஆள் வைத்து இந்தச் சரிவின் கீழ்ப்பாதியை அரிவாளால் தரையோடு தரையாக வெட்டினோம். காய்ந்த குவியலை அங்கேயே கொளுத்தினோம். மூன்று நாளில் நிலம் மொட்டையாகத் தெரிந்தது, எல்லோரும் பாராட்டினார்கள். அடுத்த மழையில் இரண்டு காரியம் நடந்தது. ஒற்றைத் தண்டாக நின்ற செடி ஒவ்வொன்றும் வெட்டிய கட்டையிலிருந்து ஐந்தாறு கிளையாக வெடித்து முன்பைவிட நெருக்கமாக வந்தது. அது பரவாயில்லை. மேலே இருந்து ஓடிவந்த தண்ணீர் ஒரு முழ அகலத்துக்கு வாய்க்கால் பறித்து, கீழே உள்ள ஒரு வீட்டின் பின்வாசல் படிவரை சேறைக் கொண்டுவந்து தள்ளியது. அந்த வீட்டு அம்மா விடிய விடிய வாளியால் அள்ளிக் கொட்டினார்கள். டிரஸ்ட் பணத்தில், டிரஸ்ட் முடிவில் நடந்தது அது. வேறு யாரையும் குறை சொல்ல எங்களுக்கு வழியில்லை.

ஏன் அப்படி ஆயிற்று? அடர்ந்த உன்னிப் புதருக்குள் குனிந்து பார்த்தால் தரையில் புல்லே இருக்காது. நிழலாலும், அதன் இலையும் வேரும் மண்ணில் விடும் சத்துகளாலும் மற்றவை அடங்கிப்போகும். செடி நிற்கும்வரை அதன் இலைக்கூரை மழைத்துளியை உடைத்துவிடுகிறது, வேர் மேல்மண்ணை ஓரளவு பிடித்திருக்கிறது. கூரையை ஒரே நாளில் எடுத்துவிட்டால் அடியில் இருப்பது வெறும் மண். சமதளத்தில் என்றால் மண் கொஞ்சம் கரையும், அவ்வளவுதான். நம் சரிவோ அப்படிப்பட்டதல்ல, அடியில் வீடுகளும் இருக்கின்றன. 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பக்கங்களில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்ததை நம் ஊரில் மறந்தவர் இருக்க மாட்டார்கள். அந்தச் சரிவுகளுக்குக் காரணங்கள் பல. ஆனால் அதைப் பார்த்த பிறகு மலைச்சரிவை மொட்டையடிக்க எங்களுக்குத் துணிவு வரவில்லை. பொக்லைன் போன்ற கனரக இயந்திரத்தை நீலகிரியில் இறக்குவதற்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும். அனுமதி கிடைத்தாலும் நாங்கள் இறக்கமாட்டோம்.

ஆகவே முடிவு இது: செடியை எடுப்பதற்கு முன்பே, அந்த இடத்தில் மண்ணை அடுத்துப் பிடிக்கப்போவது எது என்று தீர்மானித்துக்கொண்டு, பட்டை பட்டையாக எடுப்பது.

பட்டைகள் சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் போகவேண்டும். மேலிருந்து கீழாகப் போனால் அதுவே தண்ணீருக்குப் பாதையாகிவிடும். மட்டம் பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. ஆளுயரக் கம்பு இரண்டை ஆங்கில ‘ஏ’ எழுத்து மாதிரி மேலே சேர்த்துக் கட்டி, நடுவில் ஒரு குறுக்குக் கம்பு கட்டுங்கள். உச்சியிலிருந்து ஒரு நூலில் கல்லைத் தொங்கவிடுங்கள். இரண்டு காலும் நிற்கும் இடத்தில் ஒவ்வொரு முளை அடித்துவிட்டு, நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். பிறகு சட்டத்தைத் திருப்பி, இடக்கால் நின்ற முளையில் வலக்காலும் வலக்கால் நின்ற முளையில் இடக்காலும் வரும்படி வைத்து, நூல் தொடும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுமையம்தான் மட்டம். இனி ஒரு காலை ஊன்றி, மறு காலை நூல் நடுக்கோட்டில் நிற்கும்வரை மேலும் கீழும் நகர்த்தி வைத்து, முளை அடித்துக்கொண்டே நடந்தால் சரிவின் குறுக்கே மட்டக்கோடு கிடைத்துவிடும். எங்கள் அலுவலகத்தில் ஒரு சட்டம் செய்து வைத்திருக்கிறோம். மதரஸாவில் எட்டாம் வகுப்புப் பையன்கள் அரை மணி நேரத்தில் பழகிக்கொண்டார்கள். பெரியவர்களுக்குத்தான் நம்பிக்கை வரக் கொஞ்சம் நேரமாயிற்று.

மேலிருந்து தொடங்கி சுமார் 3 மீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டையைச் சுத்தம் செய்கிறோம். அதற்குக் கீழே அதைப்போல் இரண்டு மடங்கு அகலத்தை அப்படியே புதராக விடுகிறோம். உருளும் கல்லையும் கரையும் மண்ணையும் அந்தப் புதரே தடுத்துக்கொள்ளும். இப்படியே கீழ்வரை. முதல் வருடம் சரிவில் மூன்றில் ஒரு பங்குதான் சுத்தமாகும். அதில் புல் பிடித்த பிறகு அடுத்த வருடம் அடுத்த பங்கு. மூன்று வருடக் கணக்கு இப்படித்தான் வந்தது. வீடுகளை ஒட்டிய கடைசிப் பட்டையை மூன்றாம் வருடத்துக்கு வைத்திருக்கிறோம். சந்தூக் போகும் பாதை மட்டும் விதிவிலக்கு. அதன் இரு ஓரத்தையும் இந்த வருடமே அகலப்படுத்தி, கல் படி வைத்துவிடுவோம், இன்ஷா அல்லாஹ்.

செடியை எடுக்கும் முறையில்தான் முழு வித்தையும் இருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபுவும் அவருடன் இருந்தவர்களும் கார்பெட் புலிகள் காப்பகத்தில் செய்து காட்டிய முறை இது. உன்னி மறுபடி துளிர்ப்பது தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியிலிருந்துதான். அந்தக் கழுத்துக்குக் கீழே, மண்ணுக்குள் மூன்று நான்கு விரற்கடை ஆழத்தில், ஆணிவேரை வெட்டிவிட்டால் போதும். கீழே மிச்சமிருக்கும் வேர் துளிர்க்காது, மண்ணோடு இருந்து மக்கும். செடியைச் சுற்றிப் பள்ளம் தோண்டவேண்டியதில்லை, மண் கலையவும் கலையாது. சரிவுக்கு இதைவிடப் பொருத்தமான முறையை நாங்கள் பார்க்கவில்லை. முதலில் கிளைகளை அரிவாளால் இடுப்பளவுக்குக் கழித்துக்கொண்டு, மண்வெட்டியால் அடியில் ஒரு கொத்து, கடப்பாரையால் ஒரு நெம்பு. எடுத்ததைத் தலைகீழாக, வேர் வானம் பார்க்க வைக்கவேண்டும். பக்கவாட்டில் போட்டால் மண்ணில் படும் கணுவிலிருந்து மீண்டும் வேர்விட்டுவிடும். பழம் உள்ள கிளைகளைத் தனியே சாக்கில் கட்டிக்கொள்ளுங்கள். பழமில்லாத கிளைகளைப் பட்டையின் கீழ் ஓரத்தில் குறுக்கே அடுக்கி முளை அடித்தால் அதுவே மண்ணைத் தடுக்கும் வேலியாகும். வீட்டை ஒட்டி அடுக்காதீர்கள், காய்ந்தால் தீ பிடிக்கும். தடித்த தண்டுகள் விறகாகும். மாதேஸ்வரன் மலையில் சோலிகர் மக்கள் இந்தத் தண்டை வேகவைத்துத் தோலுரித்து நாற்காலி, மேசை செய்கிறார்கள். கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடி மக்கள் இதைக் கொண்டு செய்த ஆளுயர யானைகள் 2021ல் லண்டன் பூங்காக்கள்வரை போய் நின்றன. நம்மில் கைவேலை தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

எப்போது செய்வது? நம் பக்கம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். அது ஓய்ந்து மண்ணில் ஈரம் இருக்கும்போதே, ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் தோண்டவேண்டும். கோடை மழை விழுந்ததும் புல் நடவேண்டும். அப்போதுதான் அடுத்த ஐப்பசிக்குள் அது வேர்பிடித்திருக்கும். ஆகஸ்டில், செப்டம்பரில் ஆள் கிடைக்கிறார்கள் என்பதற்காகச் சரிவைத் திறந்துவிடாதீர்கள். நட வெட்டிவேரும், தேயிலைத் தோட்டங்களில் மண்ணைத் தேற்ற நடும் கோதமாலா புல்லும் எடுத்திருக்கிறோம். இடையிடையே நாவல். மாடு வைத்திருப்பவர்கள் கோதமாலா புல்லைத் தீவனமாக அறுத்துக்கொள்ளலாம், ஆனால் முதல் வருடம் வேண்டாம். நிமிர்ந்து நிற்கவே முடியாத செங்குத்தான இடங்களில் தோண்டவே மாட்டோம். அங்கே பூக்கும் முன்பு கிளையை மட்டும் கழித்துவிட்டு, இடுக்கில் புல்லை நட்டு விடுவோம். சில இடங்களில் உன்னியோடு வாழ்ந்துதான் ஆகவேண்டும்.

வேலை செய்யும்போது எல்லோரும் ஒரே மட்டத்தில் வரிசையாக நிற்கவேண்டும். ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் நிற்கக்கூடாது, உருளும் கல் சொல்லிக்கொண்டு வராது. தோல் கையுறை, காலணி கட்டாயம். வெயில் ஏறிய பிறகே புதருக்குள் போங்கள். போகும் முன் தகரத்தைத் தட்டிச் சத்தம் கொடுத்து, உள்ளே காட்டெருமையோ பன்றியோ இருந்தால் வெளியேற வழிவிட்டுக் காத்திருங்கள். குளவிக்கூடு தெரிந்தால் அந்தப் புதரை அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உன்னி இலை கால்நடைகளுக்கு விஷம், ஈரலைக் கெடுக்கும். வழக்கமாக அவை தொடாது, ஆனால் வறட்சியில் பசி மிஞ்சினாலும், வெட்டிய தழை கொட்டிலருகே கிடந்தாலும் தின்றுவிடும். மூக்கும் காதும் சிவந்து தோல் உரிவது, வெயிலில் நிற்கமுடியாமல் தவிப்பது, கண் மஞ்சளாவது, சாணி இறுகுவது ஆகியவை அறிகுறிகள். உடனே நிழலில் கட்டி, கால்நடை மருத்துவரை அழையுங்கள். பச்சைக் காயைப் பிள்ளைகள் வாயில் போடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

களைக்கொல்லி அடிக்கலாமே என்று ஒரு சகோதரர் கேட்டார். சரிவில் அடிப்பது கீழே நம் ஊற்றில் போய்ச் சேரும். கிளைபோசேட் மருந்தைப் பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் மூலமே பயன்படுத்தவேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவிக்கையும் வெளியிட்டது. எங்களுக்கு அந்த யோசனை வேண்டாம். மரங்களைப் பொறுத்தவரை, 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் நமக்கும் பொருந்தும். புதரை எடுக்கும் சாக்கில் அனுமதியில்லாமல் மரத்தில் கை வைக்கக்கூடாது.

எடுத்து முடித்ததோடு வேலை முடியாது. மண்ணில் கிடக்கும் விதை சில வருடங்களுக்கு முளைத்துக்கொண்டே இருக்கும். சாண் உயரத்தில் இருக்கும்போது ஈர மண்ணில் விரலால் பிடுங்கிவிடலாம், ஒரு வருடம் விட்டால் மறுபடி கடப்பாரைதான். எங்கள் பழைய வேலை தோற்றதற்குப் பாதிக் காரணம், அதன் பிறகு ஒருவரும் அந்தப் பக்கம் போகாததே. இந்த முறை மழைக்கு முன்பும் பின்பும் வருடத்துக்கு இரண்டு தடவை, பறவை உட்காரும் மரங்களின் அடியில் முக்கியமாக, பிடுங்குவதற்குக் கூலி ஒதுக்கியிருக்கிறோம். ஊரில் தேயிலை பறிக்கும் பெண்களிடம் பேசியாயிற்று. இதற்கான பணம் பொது நன்கொடையிலிருந்து வருகிறது. ஜகாத் கணக்கைத் தொடவில்லை என்பதைக் கேட்டவர்களுக்காகப் பதிவு செய்கிறோம்.

தங்கள் நிலத்திலும் செய்ய விரும்புகிறவர்கள் டிசம்பர் கடைசிக்குள் அலுவலகத்தில் பெயர் கொடுத்தால், மட்டச் சட்டத்தையும் புல் கரணையையும் வரிசைப்படி தருகிறோம். இப்போதைக்கு எங்களிடம் கடப்பாரை நான்குதான் இருக்கிறது. வீட்டில் சும்மா கிடந்தால், பெயர் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

வஸ்ஸலாம்.
செயலாளர்