மண்ணுக்குள் சாமி

மாஹிமிலிருந்து மகாலட்சுமி கோயில் அதிக தூரமில்லை. மாஹிம், தாராவி, மாட்டுங்கா மக்களுக்கு அது தெரிந்த கோயில். அதைப் பற்றி மும்பையில் ஒரு கதை சொல்வார்கள். 18-ஆம் நூற்றாண்டில் வொர்லிப் பக்கம் கடலை அடைத்துக் கரை கட்டினார்கள். கட்டக் கட்டக் கரை இடிந்ததாம். கடைசியில் கடலிலிருந்து அம்மன் சிலைகளை எடுத்தார்களாம். படையெடுப்புக் காலத்தில் யாரோ கடலில் ஒளித்த சிலைகளாம் அவை.

இது கதை. ஆனால் சாமி சிலைகளை ஒளித்தது உண்மை. படை வந்தால் கோயிலுக்குத்தான் முதலில் ஆபத்து. அங்கே நகை இருக்கும். வெண்கலச் சிலையை உருக்கினால் காசு. அதனால் மக்கள் ஒளித்தார்கள். ஊருக்கு ஊர் ஒவ்வொரு வழி.

கோவாவில் போர்ச்சுகீசியர் கோயில்களை இடித்தார்கள். 1560-ல் மங்கேஷ் சாமியை ஜுவாரி ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே போர்ச்சுகீசியர் ஆட்சி இல்லை.

ஸ்ரீரங்கத்தில் 1323-ல் டில்லிப் படை வந்தது. பெரிய பெருமாளைத் தூக்க முடியுமா? முன்னால் சுவர் எழுப்பி மறைத்தார்கள் என்று கோயில் வரலாறு சொல்கிறது. சின்னப் பெருமாளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார்கள். அவர் திரும்பியது 1371-ல்தான்.

காஞ்சிபுரத்தில் செய்தது எல்லாவற்றையும் மிஞ்சியது. 1688-ல் வரதராஜப் பெருமாளைப் பிணம்போல் பாடையில் கட்டி எடுத்துப் போனார்களாம். பிணத்தை யார் சோதிப்பார்கள்? உடையார்பாளையத்தில் பத்திரமாக இருந்த பெருமாள் 1710-ல் ஊர் திரும்பினார். அதற்குக் கோயிலில் கல்வெட்டு உண்டு.

தஞ்சாவூர்ப் பக்கம் பெரும்பாலும் மண்ணில்தான் புதைத்தார்கள். ஆபத்து வந்தால் எப்படிப் புதைப்பது என்று கோயில் நூல்களே முறை சொல்கின்றன. குழி தோண்டி, மணல் பரப்பி, சாமியை வணங்கிப் படுக்க வைத்து மூடுவார்கள். இடம் ஒரு சிலருக்கே தெரியும். அவர்கள் இறந்துபோனால்? ரகசியமும் போய்விடும்.

அப்படி மறந்தவை இன்றும் வெளியே வருகின்றன. 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்காக மண் தோண்டினார்கள். 20-க்கும் மேற்பட்ட ஐம்பொன் சிலைகள் கிடைத்தன. தேவாரம் எழுதிய செப்பேடுகள் 400-க்கும் மேல் இருந்தன.

பத்தூரில் நடந்தது வேறு. அது அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த ஊர். 1976-ல் ஒரு கூலித் தொழிலாளி அங்கே மண் தோண்டினார். நடராசர் சிலை கிடைத்தது. சொற்ப விலைக்கு விற்றுவிட்டார். சிலை கைமாறிக் கைமாறி லண்டன் போனது. 1982-ல் ஒரு கனடா நிறுவனம் அதை இரண்டரை லட்சம் பவுனுக்கு வாங்கியது. தோண்டியவர் கண்ட காசு எங்கே, இது எங்கே!

லண்டன் போலீஸ் சிலையைப் பிடித்தது. அது பத்தூர்ச் சிலைதான் என்று எப்படி நிரூபிப்பது? அதே இடத்தில் பிறகு வேறு சிலைகளும் கிடைத்திருந்தன. உலோகம், ஒட்டியிருந்த மண், கரையான் கட்டிய தடம் எல்லாவற்றையும் நிபுணர்கள் ஒப்பிட்டார்கள். கரையானும் சாட்சி! பத்தூர்க் கோயிலின் சிவலிங்கமே வழக்கில் ஒரு வாதி. கோயில் பக்கம் தீர்ப்பு வந்தது. 1991-ல் நடராசர் தமிழ்நாட்டுக்கு வந்தார்.

மும்பையில் உழைத்து, ஊரில் வீடு கட்டுவோர் பலர். அஸ்திவாரம் தோண்டும்போது சிலையோ காசுக் குடமோ கிடைத்தால் என்ன செய்வது? புதையல் சட்டம் 1878-ல் வந்தது. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மறைக்கக் கூடாது என்கிறது அது. கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில் என்று அதில் எழுத வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. வேறு யாருக்கும் உரிமை இல்லை என்று முடிவானால், கண்டெடுத்தவருக்குப் பங்கு கிடைக்கும். நிலம் வேறொருவருடையது என்றால் அவருக்கும் பங்கு உண்டு. கோயில் சிலை என்றால் அது கோயிலுக்குத்தான்.

கிடைத்ததைப் புளி போட்டுத் துலக்க வேண்டாம். ஒட்டிய மண் அப்படியே இருக்கட்டும்.