ரக்பி மைதானத்தில் மகள் சொல்லிக்கொடுத்த வார்த்தை

கார்டிஃப் வந்து ஆறு வருஷம் ஆகிறது. ரக்பி மேட்ச் என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான்: ரோடு அடைச்சிருப்பாங்க, ரயில் நிலையத்தில் பெரிய வரிசை நிற்கும், அதனால் வெளியே போகக் கூடாது! எட்டு வயது மகளின் பிடிவாதத்தால் போன சீசனில்தான் முதல்முறையாக உள்ளே போனோம்.

பிரின்சிபாலிட்டி ஸ்டேடியம் நம்ம ஊர்க் கோயில் மாதிரி நட்டநடு ஊரில் இருக்கிறது. 1999-இல் திறந்தது. சுமார் 74,000 பேர் உட்காரலாம். மழை வந்தால் கூரையை மூடிவிடலாம். மேட்ச் அன்று தெருவெல்லாம் சிவப்புச் சட்டைதான். தலையில் டாஃபடில் பூத் தொப்பி, கையில் லீக் கீரைத்தண்டு. இரண்டும் வேல்ஸின் சின்னங்கள். இரண்டு அணி ரசிகர்களும் கலந்தே உட்காருகிறார்கள். சண்டை இல்லை, கிண்டல் மட்டும் உண்டு.

முதல்முறை போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்:

ஸ்க்ரம்: அணிக்கு எட்டு பேர், தோளோடு தோள் பிணைத்துக்கொண்டு எதிரணியைத் தள்ளுவது.

லைன்-அவுட்: பக்கக்கோட்டைத் தாண்டிய பந்தைத் திரும்ப எறிய, சக வீரரைத் தூக்கிப்பிடித்து அதைப் பறிப்பது.

நாக்-ஆன்: பந்தைக் கைதவறி முன்னால் தட்டிவிடுவது. தவறு.

சின் பின்: மஞ்சள் அட்டை வாங்கியவர் 10 நிமிஷம் வெளியே.

ட்ரை: எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்துவது. 5 புள்ளிகள். பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2.

ஏன் 'ட்ரை' என்று பெயர்? அந்தக் காலத்தில் அதற்குப் புள்ளியே கிடையாது. கோல் உதைத்துப் பார்க்க ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். இதை மகளிடம் பெருமையாகச் சொன்னேன். "வெல்ஷ்ல 'கைஸ்' அப்பா. அதுக்கும் முயற்சின்னுதான் அர்த்தம்" என்றாள். இங்கே பள்ளிகளில் வெல்ஷ் கட்டாயப் பாடம்.

ஆட்டத்துக்கு முன் நாட்டுப்பண். 1856-இல் அப்பா வரிகள் எழுத, மகன் மெட்டமைத்த பாட்டு. 1905-இல் இதே ஊரில் நியூசிலாந்து அணி ஹாக்கா ஆடியபோது, வேல்ஸ் வீரர்கள் பதிலுக்கு இதைப் பாட, கூட்டமும் சேர்ந்துகொண்டது. அன்று வேல்ஸ் 3-0 என்று ஜெயித்தது. பாட்டு முடிவதே மொழிக்கான வேண்டுதலில்தான்.

என் மகள் முழுசாகப் பாடினாள். பக்கத்து சீட் பெரியவரும் கண் கலங்கப் பாடினார். "உங்களுக்கு வெல்ஷ் நல்லா வருமா?" என்று கேட்டேன். "பாட மட்டும்தான் தெரியும். பாட்டி பேசுவாங்க. எங்க வீட்ல அதோட நின்னுபோச்சு" என்றார்.

2021 கணக்கெடுப்பில் வெல்ஷ் பேசத் தெரியும் என்று சொன்னவர்கள் 17.8 சதவீதம்தான். அரங்கம் அதிரப் பாடினாலும், மொழி பிழைப்பது வீட்டுக்குள்தான். நாம் மட்டும் என்ன? பொங்கல் விழா மேடையில் பிள்ளைகள் தமிழ்ப் பாட்டு பாடுவார்கள், நாமும் கைதட்டுவோம். திரும்பி வரும்போது காரில் பேச்செல்லாம் இங்கிலீஷ்.

இப்போது எங்க வீட்டில் டிவியில் மேட்ச் ஓடினால் வர்ணனை தமிழில்தான். ஸ்க்ரமுக்கு மகள் வைத்த பெயர் 'முட்டித்தள்ளு'. சரியோ தப்போ, அதுவும் ஒரு கைஸ்தானே!