பழைய சரக்கு வேன் வாங்குதல்: மலிவு விலையும் மறைந்திருக்கும் நஷ்டமும்

தென்னாற்காட்டு மணிலாக் கொட்டை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரட்டை மாட்டு வண்டிகளில் ஏறிப் புதுச்சேரித் துறைமுகம் சென்றது. அங்கிருந்து பிரான்ஸ் தேசத்து மார்ஸேல் நகரின் எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறிற்று. இக்காலத்தில் விழுப்புரம், திண்டிவனம் பக்கங்களில் மல்லாட்டை மூட்டை களத்தை விட்டு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குச் செல்வது பெரும்பாலும் சிறிய சரக்கு வேனில்தான். டாடா கம்பெனியார் 2005-ம் வருஷத்தில் வெளியிட்ட 'ஏஸ்' என்னும் வண்டிக்கு ஜனங்கள் 'குட்டி யானை' என்று பெயரிட்டனர்; அவ்வகைச் சிறு வண்டிகள் பலவற்றுக்கும் இப்பொழுது அப்பெயரே வழங்குகிறது. அறுவடை நாட்களில் வாடகை வண்டி கிடைப்பது அரிது. கிடைத்தாலும் கேட்ட கூலியைக் கொடுத்தாக வேண்டும். தர்பூசணி பயிரிடுவோர்க்கோ, வெட்டிய காயை வெயிலில் போட்டுக்கொண்டு வண்டிக்குக் காத்திருக்க இயலாது. ஆகையால் சொந்தத்தில் ஒரு வேன் வேண்டுமென்ற எண்ணம் குடியானவர்களுக்கு உண்டாவது இயல்பே. புது வண்டியின் விலைக்கு அஞ்சிப் பழைய வண்டியைத் தேடும்பொழுதுதான் பலர் ஏமாற்றத்துக்கு உள்ளாகின்றனர்.

உழவு மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும் குடியானவர் எவ்வளவு ஜாக்கிரதையுடன் நடந்துகொள்ளுகிறார்! பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், நடக்கவிட்டுக் காலைக் கவனிக்கிறார், அதன் பின்னரே தரகருடன் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுகிறார். அவரே வேன் வாங்கும்பொழுது புதிதாக அடித்த வர்ணத்தையும் பளபளக்கும் டயரையும் கண்டு அன்றே முன்பணம் கொடுத்துவிடுகிறார். மாட்டுக்குப் பதிவுப் புத்தகம் இல்லை. கயிறு கைமாறினால் மாடு வாங்கியவருடையது. மோட்டார் வண்டியின் விஷயம் அவ்வாறன்று. சாவி கைமாறினாலும், சர்க்கார் பதிவேட்டில் பெயர் மாறாத வரையில், சட்டத்தின் கண்ணுக்கு வண்டி பழைய உடையவருடையதே.

சந்தேகத்துக்கிடமான விற்பனையாளர் பெரும்பாலும் பதிவில் உள்ள உரிமையாளராக இருப்பதில்லை. உரிமையாளரிடம் வாங்கியவரிடம் வாங்கியவராக இருப்பார். அவர் கையில் ஆர்.ஸி. புத்தகம் இருக்கும். எழுதப்படாத 29-ம், 30-ம் எண் படிவங்களில் யாரோ ஒருவருடைய கையொப்பமும் இருக்கும். "பெயரை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம், அண்ணே, இந்த விலைக்கு வேறு எங்கேயும் கிடைக்காது" என்பார். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் அவசியமில்லை என்பது 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-வது பிரிவில் உள்ள உண்மையான சலுகை. இதையே பிடித்துக்கொண்டு, சிறு வேனுக்குக் காகிதங்களே வேண்டியதில்லை என்பதுபோல் பேசுவோரும் உண்டு. பெர்மிட் வேண்டாவிடினும் தகுதிச் சான்று (எப்.ஸி.), இன்ஷூரன்ஸ், வரி ரசீது ஆகிய எல்லாம் வேண்டும். தகுதிச் சான்று இல்லாத சரக்கு வண்டி, 56-வது பிரிவின்படி, சரியாகப் பதிவான வண்டியாகவே கருதப்படமாட்டாது.

பெயர் மாற்றாமல் விடுவதன் விளைவு யாதென்பதை உச்ச நீதிமன்றம் 2018-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 6-ந் தேதி அளித்த தீர்ப்பொன்றால் அறியலாம். 2009-ம் வருஷத்தில் வயலுக்கு நடந்துசென்ற ஒரு பெண்மணியின்மேலும் அவருடன் சென்ற உறவினர்மேலும், பின்னோக்கி ஓட்டப்பட்ட வண்டியொன்று மோதிற்று, உறவினர் இறந்தார். வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இல்லை. பதிவேட்டில் பெயருள்ளவரோ, தாம் 2007-லேயே அதை விற்றுவிட்டதாகச் சொன்னார். அதன் பின் வண்டி பலர் கைமாறியிருந்தது. கடைசியாக வைத்திருந்தவரே பொறுப்பென்று பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் கூறியதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர்; விபத்தில் அடிபட்டவர் கைமாறிய ஒவ்வொருவரையும் தேடித் திரியவேண்டுமென்பது சட்டத்தின் நோக்கமன்று என்று, நீதிபதி சந்திரசூட் எழுதிய அத்தீர்ப்பு முடிவு செய்தது.

இது விற்பவருக்கல்லவா ஆபத்து, வாங்குபவருக்கென்ன என்று சிலர் கேட்கலாம். வாங்கியவர் தாமே ஓட்டினால் ஓட்டுநர் என்ற முறையில் நஷ்ட ஈட்டுக்கு அவரும் பொறுப்பாளி. மேலும் இன்று வாங்குபவர் நாளை விற்பவர். தம் பெயருக்கு மாற்றிக்கொண்ட வண்டியைச் சில வருஷம் கழித்து இதே முறையில் சாவியை மட்டும் கொடுத்துத் தள்ளிவிட்டால், எங்கோ தொலைவில் நடக்கும் விபத்துக்கு அவர் வீட்டுக்கு நோட்டீஸ் வரும். நிலமுள்ளவர்கள் ஒரு விஷயத்தை முக்கியமாய் மனத்தில் வைக்கவேண்டும். விபத்து நஷ்ட ஈட்டுத் தீர்ப்பாயம் விதிக்கும் தொகையை, மேற்படி சட்டத்தின் 174-வது பிரிவின்படி, கலெக்டர் நிலவரி பாக்கியைப்போலவே வசூல் செய்யலாம். நிலவரி பாக்கி எவ்வாறு வசூலாகும் என்பதையும், அதற்கு 1864-ம் வருஷத்து வருவாய் வசூல் சட்டம் எவ்வளவு தூரம் கைநீட்டும் என்பதையும் கிராம உத்தியோகஸ்தர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மலிவாய் வாங்கி மலிவாய் விற்ற வேனுக்காக நஞ்சை ஜப்தியாகும் நிலை வரக்கூடும்.

இன்ஷூரன்ஸ் விஷயத்திலும் ஒரு தவறான நம்பிக்கை பரவியுள்ளது. பாலிஸி நடப்பில் இருக்கிறதென்று விற்பவர் காட்டுவார். வண்டி கைமாறும்பொழுது பாலிஸியும் தானே மாறுவதாக 157-வது பிரிவு கூறுவது, பிறருக்கு உண்டாகும் சேதத்தைப் பொறுத்த மட்டில்தான். வாங்கியவர் மாற்றம் நடந்த 14 நாட்களுக்குள் கம்பெனிக்கு எழுதித் தம் பெயரைப் பாலிஸியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏற்றிக்கொள்ளாதவர் தம் வண்டிக்கு நேர்ந்த சேதத்துக்கோ திருட்டுக்கோ பணம் கேட்க இயலாதென்பதை உச்ச நீதிமன்றம் 1995-ம் வருஷத்திலேயே தெளிவாக்கிவிட்டது. இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டுபவருக்கு முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, அல்லது இரண்டுமோ விதிக்கலாம்.

இன்னும் மோசமான நிலை, விற்பவருக்கு விற்கும் உரிமையே இல்லாதிருப்பது. தமக்கில்லாத உரிமையை ஒருவர் பிறருக்குக் கொடுக்க முடியாது என்பது 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27-வது பிரிவில் உள்ள விதி. திருட்டு வண்டியை அறியாமல் நல்ல விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், உடையவர் வந்து கேட்டால் வண்டி அவரைச் சேரும். கொடுத்த பணத்துக்கு விற்றவரைத் தேடிக்கொள்ள வேண்டியதுதான். தெரிந்தே வாங்கியதாகக் கருதப்பட்டால் பாரதீய நியாய ஸம்ஹிதையின் 317-வது பிரிவின்கீழ் குற்ற வழக்கும் வரும். கடனுக்கு ஈடாயுள்ள வண்டி இவ்வளவு கடுமையான விஷயமன்றாயினும் மிகச் சாதாரணமாய் நிகழ்வது. தவணை கட்டமுடியாமற்போனவர், பைனான்ஸ் கம்பெனியார் வந்து எடுத்துப்போவதற்கு முன் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறார். கம்பெனியாரின் எழுத்து மூலமான சம்மதமின்றிப் பெயர் மாற்றம் நடவாது. கடன் தீர்ந்ததற்கு 35-ம் எண் படிவமும் கம்பெனியாரின் கடிதமும் வேண்டும். கடன் தீர்ந்துவிட்டது என்ற வாய்வார்த்தை இவ்விடத்தில் பயன்படாது.

இவற்றையெல்லாம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பார்க்க வசதியுண்டு. மத்திய சர்க்காரின் 'பரிவாஹன்' இணையதளத்தில் பதிவு எண்ணைக் கொடுத்தால் வண்டியின் வகை, பதிவான தேதி, தகுதிச் சான்றும் இன்ஷூரன்ஸும் எதுவரை செல்லும், எந்தக் கம்பெனியாரிடம் ஈடாயிருக்கிறது என்பவை தெரியும். உடையவர் பெயரில் சில எழுத்துகள் மறைக்கப்பட்டிருக்கும். எனினும் விற்பவர் பெயர் அதனோடு பொருந்துகிறதா என்று கண்டுகொள்ளலாம். செலுத்தாத போக்குவரத்து அபராதங்களுக்குத் தனிப் பக்கம் இருக்கிறது. திருட்டுப் புகார் உள்ளதா என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் அறியலாம். காகிதத்தில் கண்டது வண்டியிலும் இருக்கவேண்டும். சேஸிஸ் எண் 17 எழுத்தும் எண்ணுமாகச் சட்டத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். அழுக்கைத் துடைத்து, மெல்லிய காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்தால் அச்சு எழும். அதை ஆர்.ஸி. புத்தகத்துடன் எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். எண்ணிருக்கும் இடத்தில் மட்டும் அரத்தின் அடையாளமோ, புதுப் பற்றவைப்போ, புது வர்ணமோ காணப்பட்டால் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

விழுப்புரம் ஆர்.டி.ஓ. ஆபீஸின் குறி டி.என். 32, திண்டிவனத்தினது டி.என். 16. இவ்விரு ஊர்களுக்கும் புதுச்சேரி ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தூரமேயாதலால், பி.ஒய். குறியுள்ள வண்டிகளும் இங்கு ஏராளமாய் விலைக்கு வருகின்றன. அடுத்த ஊர் வண்டிபோல் தோன்றினும் அது வேறு பிரதேசத்து வண்டி. முதலில் பதிவு செய்த ஆபீஸிலிருந்து 28-ம் எண் படிவத்தில் ஆட்சேபனையில்லாச் சான்று பெறவேண்டும். தமிழ்நாட்டு வரி செலுத்த வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டினால் புதுப் பதிவுக் குறி பெறவேண்டும். விலையில் கண்ட லாபத்திலிருந்து இச்செலவைக் கழித்துப் பார்த்தே பேரத்தில் இறங்குவது நலம்.

வண்டியின் உடல்நிலையைப் பற்றி இப்பகுதிக்கே உரிய இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. மரக்காணத்து உப்பளங்களிலிருந்து உப்பும், கடற்கரையிலிருந்து மீனும் ஏற்றிய வேன் மேலுக்கு நன்றாயிருந்தும் அடியில் துருவேறியிருக்கும். சரக்குத் தட்டின் அடிப்பாகத்தையும், பட்டைகள் சட்டத்தில் பொருந்தும் இடங்களையும் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். உதிரும் துரு தானே பேசும். மற்றொன்று வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. 2024-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபொழுது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடுத்து, சாத்தனூர் அணையிலிருந்து வந்த நீரால் தென்பெண்ணைக் கரைக் கிராமங்கள் வெள்ளத்தில் சிக்கின. சென்னையிலும் 2015, 2023-ம் வருஷங்களின் டிசம்பர் மாதங்களில் எண்ணற்ற வண்டிகள் நீரில் நின்றன. அத்தகைய வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு வெளியூர்களில் விற்பனைக்கு வருவதுண்டு. இருக்கையின் கீழுள்ள திருகாணிகளில் துரு, விரிப்பின் அடியில் வண்டல், முன்விளக்குக் கண்ணாடிக்குள் நீர்க்கறை, பெல்ட்டை முழுதும் இழுத்துப் பார்த்தால் தெரியும் சேற்றுக்கோடு ஆகியவை அதன் அடையாளங்கள். இவ்வண்டிகளின் மின்கம்பிகள் பல மாதங்களுக்குப் பின்னும் தொல்லை கொடுக்கும்.

என்ஜினை விடியற்காலையில், குளிர்ந்திருக்கும்பொழுது, வாங்குபவர் முன்னிலையில் கிளப்பச் சொல்லவேண்டும். முன்னமே சூடாக்கி வைத்திருந்தால் காரணம் கேட்க வேண்டும். நீலப் புகை எண்ணெய் எரிவதையும், நில்லாத வெண்புகை குளிர்விக்கும் நீர் உள்ளே கசிவதையும் காட்டக்கூடும். எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறம் தயிர்போல் வெளுத்திருப்பதும் நல்ல குறியன்று. தம் ஊர் மெக்கானிக்கை உடனழைத்துச் சென்று, ஒரு நாள் கூலி கொடுத்தாலும் அது வீண் செலவாகாது. விற்பவர் அழைத்து வரும் மெக்கானிக்கின் சொல்லை நம்புவது, தரகரிடமே மாட்டின் வயதைக் கேட்பது போலாம். வீட்டு உபயோகத்துக்கென்று பதிவான ஆம்னி வேனில் இருக்கைகளைக் கழற்றிவிட்டுச் சரக்கு ஏற்றுகிறார்கள். அனுமதியின்றி இவ்வாறு மாற்றிய வண்டியை வாங்குபவர் அந்தக் குற்றத்தையும் சேர்த்தே வாங்குகிறார்.

இப்பொழுது கைபேசி விளம்பரங்கள் வழியாகவும் பேரம் நடக்கிறது. தாம் இராணுவத்தில் இருப்பதாகவும், வேற்றூருக்கு மாற்றலாகிவிட்டதால் அவசரமாய் விற்பதாகவும் கூறி, வண்டியைக் காட்டாமலே முன்பணம் கேட்பவர்கள் நாடெங்கும் பலரை ஏமாற்றியிருக்கிறார்கள். வண்டியையும், உடையவரையும், அவர் வீட்டையும் நேரில் காணாமல் ஒரு ரூபாயும் அனுப்பலாகாது. தொகையை உடையவர் பெயரிலுள்ள பாங்குக் கணக்கில் செலுத்துவதே முறை. ஒரே பேரத்தில் இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாய்ப் பெறுவதை 2017-ம் வருஷம் முதல் வருமான வரிச் சட்டமும் விலக்கியுள்ளது. பழைய வண்டி வியாபாரம் செய்வோர் போக்குவரத்து அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெறவேண்டுமென்ற விதி 2023-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி முதல் அமலில் இருக்கிறது. தரகரிடம் அச்சான்றைக் கேட்பதில் தவறில்லை.

ஒரே ராஜ்யத்துக்குள் நடக்கும் விற்பனையை விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டுமென்பது 50-வது பிரிவு. இந்த அவகாசத்தை நம்பியிராமல், இருவரும் ஒன்றாகவே ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குச் சென்று படிவங்களைக் கொடுத்து, ரசீது பெற்ற பின் கடைசித் தொகையைக் கொடுப்பது சிறந்தது. விற்கவந்தவர் உடையவரின் மகனாகவோ மனைவியாகவோ இருந்து, உடையவர் காலமாகியிருந்தால், வண்டி முதலில் 31-ம் எண் படிவத்தின் மூலம் வாரிசு பெயருக்கு மாறவேண்டும். அதற்குத் தாசில்தார் அளிக்கும் வாரிசுச் சான்றிதழ் அவசியம். வாரிசுகளில் ஒருவர் மட்டும் கையொப்பமிட்டு விற்ற வண்டிக்குப் பின்னர் சகோதரர்கள் பங்கு கேட்டு வருவார்கள். இவ்விதச் சான்றிதழுக்கு விசாரணை செய்யும் கிராம நிர்வாக உத்தியோகஸ்தர்கள், நிலத்தைப் பற்றிக் கேட்பதுபோல், காலமானவர் பெயரில் மோட்டார் வண்டி ஏதேனும் உண்டா என்பதையும் அக்குடும்பத்தாரிடம் கேட்டு, பெயர் மாற்றத்தின் அவசியத்தை அப்பொழுதே எடுத்துச் சொல்லலாம்.