சோதனைச் சாவடியும் பெயர் மாறிய சட்டமும்

தமிழ்நாட்டு எல்லையிலிருந்து பெங்களூரு நோக்கிப் போகும் லாரி சில நிமிடங்களில் கர்நாடகத்தின் அத்திப்பள்ளியைத் தொட்டுவிடும். முன்பு அது நடக்காது. விற்பனை வரிச் சோதனைச் சாவடியில் சரக்குக்கான பில்லைக் காட்டி, முத்திரை வாங்கிய பிறகுதான் வண்டி நகரும். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. சாவடியில் நின்ற லாரி வரிசையும் போனது.

லாரியை நிறுத்தும் அதிகாரம் நெடுங்காலம் தமிழ்நாடு பொது விற்பனை வரிச் சட்டம், 1959இன் 42ஆவது பிரிவில் இருந்தது. ஆனால் 1959இல் 'தமிழ்நாடு' என்ற மாநிலமே கிடையாது. அந்தப் பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14இல். அதே ஆண்டு ஓர் ஆணை பழைய சட்டங்களின் தலைப்பில் இருந்த 'மெட்ராஸ்' என்பதை எடுத்துவிட்டுப் புதிய பெயரைப் போட்டது. ஆண்டிலும் எண்ணிலும் கை வைக்கவில்லை. அச்சுப் பிரதியைப் பாருங்கள்: பெயரருகே பொடியாக ஓர் எண், பக்கத்தின் அடியில் இந்த மாற்றத்தைச் சொல்லும் குறிப்பு. பழைய சட்டத்தைப் படிப்பவர் அடிக்குறிப்பிலிருந்து தொடங்குவதே நல்லது.

எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். 1957இன் மைசூர் விற்பனை வரிச் சட்டம், 1973 நவம்பர் 1இல் மாநிலம் பெயர் மாறிய பின் கர்நாடகச் சட்டமானது.

நம் பழைய சட்டங்களைப் பெயராலும் ஆண்டாலும் தேடலாம்; அயர்லாந்தின் பழைய சட்டங்கள் பலவற்றையோ எந்த அரசரின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்று குறித்துத்தான் தேட வேண்டும். அவற்றில் 3,225ஐ அந்நாடு 2007இல் ஒரே சட்டத்தால் நீக்கியது. அதே ஆண்டு ஜனவரி 1இல் தமிழ்நாட்டில் மதிப்புக் கூட்டு வரி வந்து 1959ஆம் ஆண்டுச் சட்டம் விலகியது. ஆனாலும் அதற்கு முந்தைய கணக்குகள் மீதான வழக்குகளுக்குப் பழைய சட்டமே பொருந்தும்.